டிரேப்பர், ஹேபர்டாஷர்: தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் யார்க் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள 'கிர்க்கேட்' என்னும் விக்டோரியா காலத் தெருவைப் பற்றி, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான துணைப்பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். பிக்கரிங் ஊர் மருத்துவர் ஜான் கிர்க் திரட்டிய பழம்பொருள்களைக் கொண்டு, முன்பு பெண்கள் சிறையாக இருந்த கட்டடத்தில் 1938இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. அக்காலக் கடைகளுள் மெழுகுவத்தி செய்பவரும் சேணம் தைப்பவரும் என்னைச் சிரமப்படுத்தவில்லை. டிரேப்பரும் ஹேபர்டாஷருந்தான் வழிமறிக்கிறார்கள். முன்னவர் துணியைக் கெஜக்கணக்கில் அளந்து வெட்டி விற்பவர். பின்னவர் ஊசி, நூல், பொத்தான், ரிப்பன் விற்பவர். இருவரையும் 'ஜவுளி வியாபாரி' என்றே எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்துபவர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஜவுளி நமக்கு எதற்கு? மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலேயே விடை இருக்கிறது. அறுவை என்றால் துணி. சிலப்பதிகாரத்து மதுரையிலும் 'அறுவை வீதி' உண்டு. அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு என மூன்றுமே வெட்டுதலிலிருந்து பிறந்தவை. டிரேப்பரோ பிரெஞ்சில் துணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவர். அவர் கையில் இருந்த கத்தரிக்கோல் அவர் பெயரில் இல்லை, நம் சொல்லில் இருக்கிறது. மற்றவரைத் 'தைதுணை வாணிகர்' எனலாம். வினைத்தொகையாதலின் வல்லினம் மிகாது. 'தைத்துணை' என்று எழுதிவிட்டால் அது தை மாதத்துக்குத் துணையாகிவிடும் என்பதை அச்சகத்தாரிடம் தனியே சொல்லிவையுங்கள்.

மறுமொழி: பள்ளி ஆசிரியை

ஐயா, உங்கள் சொற்பிறப்பில் எனக்கு ஐயமில்லை. என் வகுப்பில்தான் ஐயம். 'அறுவை' என்றால் மாணவர்களுக்கு ஒன்று மருத்துவமனை, இல்லையேல் சலிப்பூட்டும் பேச்சு. இலண்டனில் முடிதிருத்துபவரும் அறுவை மருத்துவரும் 1745இலேயே தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்துவிட்டார்கள். விக்டோரியா 1837இல் அரசியாகிறார். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்களை நாம் துணிக்கடையில் வைத்து மீண்டும் சேர்த்துவிட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. டிரேப்பர் கடையில் ஒரு பொருளுக்கு ஒரு ஷில்லிங் பதினொன்றே முக்கால் பென்னி என்று விலையிடுவார்கள். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி என்பதால், இரண்டு ஷில்லிங் கொடுத்தவருக்குக் கால் பென்னி மீதி தரவேண்டும். அந்தக் கால் பென்னிக்குப் பதிலாகத் தாளில் வரிசையாகக் குத்திய குண்டூசிகளை நீட்டிவிடுவது பல கடைகளில் வழக்கம். சில்லறைக்கு மிட்டாய் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். குண்டூசியைத் துணிக்கடையிலேயே தருகிறார்கள் என்றால், இருவருக்கும் நடுவே நாம் கட்டும் சுவர் அந்தத் தெருவிலேயே அத்தனை உறுதியாக இருந்ததா? துணிக்கடைக்காரர், தையற்பொருள் கடைக்காரர் என்பவை போதும்.

மறுமொழி: தமிழாசிரியர்

எல்லாரும் 'கடைக்காரர்' ஆகிவிட்டால் அது கலைச்சொல் அன்று, விளக்கம். மேலும் 'கடைக்காரர்' என்பது முதலாளியை மட்டுமே காட்டும். வணிகத்தையே தொழிலாகக் கொண்ட மரபைக் காட்டாது. மாணவருக்குத் தெரிந்த சொல்லையே கொடுத்துக்கொண்டிருந்தால் தெரியாத சொல்லை அவர் எப்போது கற்பார்?

மறுமொழி: கணிப்பொறித் துறை அன்பர்

தூய்மைதான் அளவுகோல் என்றால், 'வாணிகர்' வடசொல் உறவினரா என்ற பழைய வழக்கையும் இங்கேயே தீர்த்தாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது தீராது. நான் துணிக்கடைக்காரர் பக்கம்.

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் கருத்துப்படி 'துணிக்கடைக்காரர்', 'தையற்பொருள் கடைக்காரர்' என்றே அனுப்பிவிட்டேன். குண்டூசித் தாளைப் படத்தின் அடிக்குறிப்பில் சேர்த்துள்ளேன். ஐயாவின் 'அறுவை வாணிகர்' பின்னிணைப்பில், சிறிய எழுத்தில், இடம்பெறுகிறது.

மறுமொழி: தமிழாசிரியர்

சிறிய எழுத்தில் என்றாலும் மகிழ்ச்சி. 'தைதுணை' எங்கே?