முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவாதம்): உங்களுக்கு முதலில் எங்கே தெரிந்தது?

குழித்துறைக்காரி:
எனக்கு அடுக்களையில். தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், கையிலிருந்த முறி நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. "ராத்திரி உறங்கல்லியா மக்ளே?" என்று மாமி கேட்டார். அதை வலி என்றுகூடச் சொல்ல முடியாது. விரல்களுக்குள் மாவு காய்ந்து இறுகினதுபோல ஒரு விறைப்பு. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் ஏழு, ஏழரை வரை அப்படியே இருக்கும். அப்புறம் தானாக விட்டுவிடும். பத்து மணிக்கு டாக்டர் முன்னால் உட்காரும்போது கை அழகாக மடங்கும். என்ன சொல்லி நம்ப வைப்பது?

அப்போது எனக்கு 38 வயது. வலி மாத்திரை, கால்சியம், ஓரிடத்தில் "சத்துக் குறைவு" என்று டானிக் என ஏழு மாதம் ஓடிவிட்டது. இதற்கிடையில் விரல் முட்டுகள் வீங்கி மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டும் வராமல் தட்டானிடம் போய் வெட்டி எடுத்தேன். அடுத்த மாதமே இடது கையிலும் அதே முட்டுகள் வீங்கின.

நம் குமரி வழக்கப்படி உழிச்சலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்து நீவ, வைத்திய ஆசானிடமும் போனேன். அவர் என் இரண்டு கையையும் சேர்த்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அடிபட்டதும் இல்ல, வர்மமும் இல்ல. ரெண்டு கையிலயும் ஒரே முட்டுல நீர் இருக்கு. இதுல நான் எண்ண தேய்க்க மாட்டேன். டாக்டர்கிட்ட போயி ரத்தம் பாரு" என்றார். என் விஷயத்தில் முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான். காசும் வாங்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு வாதநோய் டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் எழுதுவார் என்று நினைத்துப் போனால், "காலையில விறைப்பு எவ்வளவு நேரம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏழு மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. கை குலுக்குவதுபோல விரல் முட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து மெல்ல அமுக்கினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நகத்துக்குப் பக்கத்தில் உள்ள கடைசி முட்டு வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். தேய்மானம் என்றால் பெரும்பாலும் அந்த முட்டில்தான் காட்டுமாம். முடக்குவாதம் அதை விட்டுவிட்டு விரலின் நடு முட்டு, அடி முட்டு, மணிக்கட்டு, கால் விரல்களின் அடி என்று பிடிக்குமாம், அதுவும் இரண்டு பக்கமும். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல், ஆள் மாறி மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து நீர் கட்டுகிறது. விட்டுவைத்தால் எலும்பை அரிக்கத் தொடங்கும் என்றார்.

இந்த நோய்க்கு வழக்கமாகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என் ரத்தத்தில் இல்லை! இதே நோயைக் காட்டும் இன்னொரு சோதனையான ஆன்டி சிசிபிதான் ஏகமாக ஏறியிருந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைச் சொல்லும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அதிகம். வீட்டுக்கு வந்து நோயின் பெயரைச் சொன்னதும் மாமி, "வாதமா? வாய் கோணுமா?" என்று அழுதுவிட்டார். இது பக்கவாதம் இல்லை என்று புரிய வைக்க ஒரு வாரம் ஆனது.

திங்கள்நகர் மைனி:
எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் சிக்குன்குனியாவுக்குத்தான். 2006 வாக்கில் பரவினதே, அப்போது எனக்கும் வந்தது. அதற்குப் பிறகு எந்த முட்டு வலித்தாலும் "அந்தக் காய்ச்சலின் மிச்சம்" என்றே விட்டேன். சிக்குன்குனியாவும் மாதக்கணக்கில் முட்டைப் பிடிக்கும், பார்க்க இதேபோலத்தான் இருக்கும், அதனால் ஆரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சல் வந்து நாலு வருஷம் கழித்துப் புதிதாக மணிக்கட்டு வீங்கினதை நானாவது யோசித்திருக்க வேண்டும்.

குலசேகரம் பால்வெட்டு:
ஆண்களுக்கு வராது என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். பெண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம், ஆனால் நானும் இருக்கிறேனே. ரப்பர் தோட்டத்தில் வெட்டு வேலை. வெளிச்சம் வரும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பட்டையை நூல் கனத்துக்குச் சீவணும், ஆழம் கூடினால் மரம் காயம்பட்டுப் போகும். இந்த நோய் கையை இறுக்கிப் பிடிக்கிற நேரமும் அதே நேரம்தான். ஒரு வாரத்தில் பத்துப் பதினைந்து மரத்தைக் காயப்படுத்திவிட்டேன், முதலாளி குடித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்தார்.

ஒருத்தர் கொடுத்த பொடியைத் தின்றேன். மூன்றாம் நாளே கையின் விறைப்பு விட்டது, அதிசயம்தான். நாலு மாதத்தில் முகம் பூரிபோல உப்பியது, பசி அடங்கவில்லை, சர்க்கரை ஏறியது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் முகத்தைப் பார்த்ததும், "பொடியா, உருண்டையா?" என்றுதான் கேட்டார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். பயந்துபோய் அன்றே நிறுத்தப் பார்த்தேன், அதற்கும் திட்டு. உடம்பு பழகிவிட்டதால் திடீரென்று விட்டால் ஆபத்தாம், மாத்திரையாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர்களும் தொடக்கத்தில் கொஞ்ச நாள் தருகிறார்கள். எவ்வளவு தின்கிறோம் என்று தெரியாமல் தின்பதுதான் கேடு.

பீடியையும் விடச் சொன்னார். புகை இந்த நோய் வருவதற்கே ஒரு காரணமாம், மருந்தின் வேலையையும் கெடுக்குமாம். விட்டேன். இரண்டு தடவை விட்டேன்.

தக்கலை மகன்:
எல்லோரும் மருந்தைப் பற்றிப் பேசுவதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு இந்த நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். சீட்டில் அப்படித்தான் இருந்தது. கடையில் கவர்மேல் "காலை 1" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் வெளிநாட்டில். அம்மா கவரைப் பார்த்துத் தினமும் போட்டார். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. வெள்ளணுவும் தட்டணுவும் சரிந்து ஐ.சி.யு.வில் சேர்த்து, அந்த மருந்தை முறிக்கும் ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்பு வட்டம், அன்று மெத்தோட்ரெக்சேட். செவ்வாய்க்கிழமை அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட், மஞ்சள் மாத்திரை. இரண்டும் வேறு வேறு டப்பா.

குழித்துறைக்காரி:
படிக்கும்போதே கை நடுங்குகிறது. எனக்கும் வாரம் 15 மில்லிகிராம் அதே மருந்துதான். கொழுந்தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மைனி, இது கேன்சர் மருந்தாக்கும்" என்று சொல்ல, முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேன்சருக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு என்று டாக்டர் விளக்கினார். ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போதுதான், இன்னும் ஆறு மணிகூட ஆகவில்லையே என்று உறைத்தது.

குலசேகரம் பால்வெட்டு:
அந்த மருந்து வந்த கதையில் நம்ம பக்கத்து ஆந்திராக்காரர் ஒருவர் உண்டு, எல்லாப்பிரகட சுப்பாராவ். 1940களில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் நடத்திய குழுவிலிருந்து பிறந்த மருந்து. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதும்போது சொன்னாள்.

கருங்கல் பிள்ளை:
எனக்கு 26 வயது, கல்யாணம் ஆகி ஒரு வருடம். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது கர்ப்பம் கூடாது என்பதை நான் கேட்டபிறகுதான் சொன்னார்கள். பிள்ளை வேண்டும் என்றால் சில மாதம் முன்பே நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக எனக்கு இப்போது சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று இரண்டு மருந்து. முதல் மருந்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துவிடாதீர்கள். இரண்டாவதற்குக் கண்ணை அவ்வப்போது சோதிக்கணும். இதற்கெல்லாம் கேட்காதவர்களுக்கு ஊசி உண்டு, ஆனால் போடும் முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அக்காவுக்கு அப்படித்தான் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஊசியின் விலையைக் கேட்டதும்தான் அவளுக்குக் காய்ச்சலே வந்தது.

திங்கள்நகர் மைனி:
குழித்துறை அக்கா, இப்போது தேங்காய் திருவ முடிகிறதா?

குழித்துறைக்காரி:
முடியும். ஆனால் அந்த ஏழு மாதத்தில் வீட்டுக்காரர் பழகிவிட்டார், இப்போது விட மாட்டேன் என்கிறார். சிரட்டை வரை சுரண்டிப் பெரிசு பெரிசாகப் போடுவார். தீயல் குழம்புக்கு வறுக்க அது போதும். துவரன் பொரியலுக்கு ஆகாது.