கொலோமாவுக்கு நாயோடு போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோவில் இருக்கிறோம். இந்தச் சனிக்கிழமை கொலோமாவில் உள்ள மார்ஷல் தங்கப் பூங்காவுக்குப் போகிறோம். 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் மர ஆலைக் கால்வாயில் தங்கத்தைக் கண்டெடுத்த இடம். பள்ளியில் படித்த நாளிலிருந்து மகளுக்கு அதே பேச்சு.

எங்கள் மணியும் வருகிறான். ஒன்பது வயது லாப்ரடார், முன்னங்காலில் மூட்டுவலி. தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை. ஆறடிக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும், அருங்காட்சியகத்துக்குள் விடமாட்டார்கள் என்பது தெரியும். நானும் கணவரும் மாறி மாறி வெளியே நிற்போம்.

என் கவலை வேறு. மார்ஷல் சிலை இருக்கும் குன்றுக்கு நடந்து ஏறுவது இவனுக்கு ஒத்துவருமா, காரிலேயே போவது நல்லதா? மதிய வெயிலுக்கு ஆற்றோரம் நிழல் கிடைக்குமா? அமெரிக்கன் ஆற்றில் இழுப்பு எப்படி? தண்ணீரைக் கண்டால் இவன் நிற்கமாட்டான்.

முக்கியமாக, ஃபாக்ஸ்டெயில் புல். போன வருஷம் ஒரு காய்ந்த கதிர் பாதத்துக்குள் ஏறி, அறுத்துத்தான் எடுத்தார்கள். இரண்டு வாரம் நொண்டினான் பாவம். அங்கே பாதையோரம் புல்லை வெட்டி வைத்திருக்கிறார்களா?

சமீபத்தில் போனவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவி.