நிறுவிய தமிழ் எழுத்துரு கிம்ப்பில் வரவில்லை, போட்டோஷாப்பில் உடைகிறது

கேள்வி:
விண்டோஸ் 11-இல் சில தமிழ் எழுத்துருக்களை நிறுவினேன். நோட்டோ சான்ஸ் தமிழ் வேர்டில் வருகிறது, கிம்ப் 2.10 (படத்தொகுப்பு மென்பொருள்) பட்டியலில் இல்லை. போட்டோஷாப்பில் வருகிறது, ஆனால் ‘பெயர்’ என்று ஒட்டினால் கொம்பு ‘ப’வுக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது. பாமினி எழுத்துருவைத் தேர்ந்தால் எழுத்தின் வடிவம் மாறவே இல்லை. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

பதில் 1:
கோப்பில் பழுதில்லை. யூனிகோடில் (எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியாக்கம்) ‘பெ’ என்பது முதலில் ப, அடுத்துக் கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது மென்பொருளின் எழுத்தமைப்பு இயந்திரம். போட்டோஷாப்பில் லத்தீன் எழுத்துக்கான அமைப்பு இயங்கினால் அந்த வேலை நடக்காது.

எடிட் > பிரிஃபரன்சஸ் > டைப் பகுதியில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்ற தேர்வு இருந்தால் அதைக் குறியிட்டு, மென்பொருளை மூடித் திறங்கள். ஏற்கெனவே தட்டிய லேயர் இதனால் தானாகச் சரியாகாது. பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த லேயரைத் தேர்ந்து, பேராகிராஃப் பேனலின் மேல்மூலை மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்று தொடங்கும் தேர்வைக் கொடுங்கள். கொம்பு இடம் மாறுவது உடனே தெரியும்.

இன்னொன்று: தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு ‘ஃபோ போல்ட்’ (செயற்கையாகத் தடிப்பாக்குவது) போடாதீர்கள். சிறிய அளவில் ண, ஞ போன்றவற்றின் சுழி அடைபட்டுவிடும்.

பதில் 2:
கிம்ப்புக்கு: வலது கிளிக்கில் வெறும் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் எழுத்துரு உங்கள் பயனர் கணக்கின் கோப்புறைக்குள் போகும். பழைய மென்பொருள்கள் பல அங்கே தேடுவதில்லை. நீக்கிவிட்டு ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். நிர்வாகி அனுமதி இல்லையென்றால் கிம்ப்பில் எடிட் > பிரிஃபரன்சஸ் > ஃபோல்டர்ஸ் > ஃபான்ட்ஸ் போய், எழுத்துரு உள்ள கோப்புறையைச் சேருங்கள். ஒரு வேலைக்குத் தேவையானது மட்டும் அதில் இருக்கட்டும். ஆயிரக்கணக்கில் கொட்டினால் ஒவ்வொரு முறையும் திறக்கவே நேரம் பிடிக்கும். பிறகு ஃபான்ட்ஸ் பேனலில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும்.

கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கிய ஜிப் என்றால் ‘ஸ்டாட்டிக்’ கோப்புறையில் உள்ளவற்றை மட்டும் நிறுவுங்கள். வெளியே இருக்கும் வேரியபிள் கோப்பை (பல தடிமன்களும் ஒன்றாக அடங்கியது) கிம்ப் 2.10 சரியாகக் கையாளாது. இரண்டையும் நிறுவினால் குடும்பப் பெயர் மோதி, சில தடிமன்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம்.

பதில் 3:
பாமினி யூனிகோடு எழுத்துரு அல்ல. ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அ’ வரையப்பட்டிருக்கும். யூனிகோடு ‘அ’வை ஒட்டினால் அதற்கு உரிய வடிவம் உள்ளே கிடையாது, மென்பொருள் வேறொரு எழுத்துருவை எடுத்துக் காட்டுகிறது. எழுத்துரு மாற்றி மென்பொருளில் உரையை யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி ஒட்டுங்கள். டாம், டாப், டிஸ்கி ஆகிய பழைய தமிழ் முறைகள் ஒவ்வொன்றும் தனிக் குறியாக்கம், மாற்றியில் சரியானதைத் தேர வேண்டும். எழுத்துரு யூனிகோடா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் விண்டோஸ் கேரக்டர் மேப்பில் திறந்து பாருங்கள்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் தெரிந்தால் அது பாமினி போல யூனிகோடு அல்லாதது.

மாற்றிய உரையில் பிழை திருத்துவது பெரும்பாடு. மூல யூனிகோடு உரையைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது லேயரை நகலெடுத்து, நகலில் மட்டும் டைப் > கன்வர்ட் டு ஷேப் (எழுத்தை வரைவடிவமாக மாற்றுவது) கொடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியிலும் வடிவம் மாறாது.