மறு: மறு: புறா வால் இறகுக்கு ஒரு சொல் வேணும், அவசரம்

மண்டபம் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ஏழாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் ஜெராக்ஸ் எடுத்தாகணும். தனுஷ்கோடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனப்ப அந்த இடிஞ்ச சர்ச்சு சுவரோரம் ஒரு இறகு கெடச்சுது, சாம்பல் நிறம், நுனிக்குக் கொஞ்சம் முன்னாடி கறுப்புப் பட்டை, நடுத்தண்டுக்கு ஒரு பக்கம் மட்டும் வெள்ளை. மாடப்புறா வாலோட ஓரத்து இறகு, அதுல சந்தேகமில்ல, புள்ளிப்புறான்னா நுனியே வெள்ளையா இருக்கும். சிக்கல் சொல்லுலதான். வாலோட நீளமான, வெறச்ச இறகுகளை இங்கிலீஷ்ல ரெக்ட்ரிசஸ்னு சொல்றாங்களே, அதுக்குத் தமிழ்ல என்ன போட? வெறும் வாலிறகுன்னா வால் அடியை மூடிக்கிட்டு இருக்குற குட்டி இறகும் அதுல சேந்துருது. அந்தப் பட்டைக்கும் ஒரு பேரு வேணும்.

பாம்பன் தம்பி:
அக்கா, சுக்கான் இறகு. லத்தீன்லயும் அதானே, ரெக்ட்ரிக்ஸ்னா செலுத்துறவ. திரும்பவும், எறங்கும்போது வேகத்தைக் கொறைக்கவும் வாலைத்தான் விரிக்குது. உங்க பிள்ளைகள்ல பாதி கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக, விளக்கமே வேணாம்.

பரமக்குடி ஐயா:
தம்பி, சுக்கான் அரபு. எங்க பக்கம் சுக்கான்னா சுண்ணாம்புக்கல்லு வேற. தமிழ்ல இறகுக்கா பஞ்சம்? தூவி, பீலி, தோகை, சிறை எல்லாம் கெடக்கு. அன்னத்தின் தூவின்னு 1120ஆம் குறள்லயே இருக்கே. தோகைன்னு போடுங்கம்மா, காதுக்கும் நல்லாருக்கு.

மண்டபம் டீச்சர்:
ஐயா, மன்னிக்கணும், தோகை சரிவராது. மயில் தோகையே வால் கெடையாது, வாலுக்கு மேல மூடுற இறகுதான் அவ்வளவு நீளமா வளந்திருக்கு, நெஜ வாலு குட்டையா பின்னாடி நின்னு முட்டுக் குடுக்குது. அதாவது நான் எதைப் பிரிக்கணும்னு பாடுபடுறேனோ அதுக்கே தோகைன்னு பேரு. தூவியை வள்ளுவர் அனிச்சத்தோட சேத்ததே மென்மைக்கு, இது வெறச்ச இறகு.

கீழக்கரை பாய்:
சுக்கான் அரபுதான், ஒத்துக்கிறேன். மாலுமியும்தான் அரபு, முஅல்லிம்லருந்து வந்தது. அவனையும் கப்பலை விட்டு எறக்கிடலாமா ஐயா?

பரமக்குடி ஐயா:
தாராளமா எறக்கலாம், கப்பலைச் செலுத்துறவனுக்கு மீகாமன்னு தமிழ்ப் பேரே இருக்குல்ல. மீகாமன் இறகு! அப்புறம் புறான்னு எழுதுறீங்களே, பழைய சொல்லு புறவு. பட்டினப்பாலைல தூதுணம் புறவுன்னு வரும், தூதுன்னா சிறுகல்லு, கல்லைப் பொறுக்கித் திங்குற புறா. சேதி கொண்டுபோற தூதுக்கும் இந்தத் தூதுக்கும் ஒறவு உண்டான்னு ரொம்ப வருஷமா யோசிக்கிறேன், கல்லு பொறுக்கப் போன புறா கால்ல எவனோ ஓலையைக் கட்டிவிட்டிருப்பான்னு என் கணிப்பு, இதை விரிவா மூணு மடலா...

பாம்பன் தம்பி:
ஐயா, காலைல ஜெராக்ஸு. மீகாமன்னா ஆளு, சுக்கான்னா கருவி. இறகு ஆளா கருவியா?

தொண்டி மாமா:
கருவிதான். பட்டைக்கு நான் சொல்றேன், ஈற்றயல் பட்டை. ஈற்றயலடின்னு யாப்புல படிச்சோம்ல, கடைசிக்கு முந்துனது.

மண்டபம் டீச்சர்:
ஒரு பய அதை வேட்டிக்கரைன்னான் மாமா, எனக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு, ஆனா கரை ஓரத்தோட முடிஞ்சுரும், இதுல கறுப்புக்கப்புறம் மெல்லிசா சாம்பல் வருது. ஈற்றயலே இருக்கட்டும், தமிழம்மாகிட்ட சொல்லி ஈற்றயலடி குறுகி வர்ற நேரிசை ஆசிரியப்பாவையும் அதே வாரம் நடத்தச் சொல்றேன்.

பரமக்குடி ஐயா:
ஈற்றயல் அருமை, மூணே சீர்ல குறுகி நிக்குற அடி மாதிரி பட்டையும் ஒடுக்கமா இருக்கு. தொண்டிக்காரர் வாயில சர்க்கரை போடணும்.

கீழக்கரை பாய்:
சர்க்கரையும் வடமொழி ஐயா.

மண்டபம் டீச்சர்:
சுக்கானுக்கு நாலு பேரு, எதிர்ப்பு ஒருத்தர்னு கணக்காகுது, தாள்ல சுக்கான் இறகுன்னே அடிச்சுட்டேன், பக்கத்துல சின்ன எழுத்துல வாலிறகுன்னும் போட்டிருக்கேன். மணி பதினொன்னரை, தூங்கப் போறேன்.

பரமக்குடி ஐயா:
என் மறுப்பைப் பதிஞ்சுக்கங்க, மீகாமனை நான் விடுறதா இல்ல. ஆமா, ஒரு பக்கம் வெள்ளைன்னீங்களே, இறகோட மேல்பக்கம் தெரியுற மாதிரி நுனியைக் கீழ வச்சுப் பாத்தா வெள்ளை எந்தப் பக்கம், இடதா வலதா? அதை வச்சு வாலோட எந்த ஓரத்துலருந்து விழுந்துச்சுன்னு சொல்லிரலாமே. தாள்ல அந்தக் கேள்வியையும் சேத்திருக்கலாம்.