நெல் இலைப் படம் அனுப்பினால் மங்குகிறது, என்ன வழி?

கேள்வி (திருவையாறு): சம்பா இலையில் புள்ளி. குலைநோயா, செம்புள்ளியா என்று கேட்க வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம், பெரிதாக்கினால் மங்குகிறது. 4 நிமிட வீடியோவும் இருக்கிறது. எப்படி அனுப்பலாம்?

பதில் (மன்னார்குடி): கேலரி வழியே போனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்க, அசல் அளவிலேயே போகும். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் வயல் இருக்கும் இடமும் கோப்போடு போகும், கவனம்.

பதில் (கும்பகோணம்): அதைவிட எடுக்கும் விதம்தான் முக்கியம் அண்ணே. இலையைக் கிள்ளி வெள்ளைத் தாளில் வைத்து, அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். வெயில் நேராக விழுந்தால் நிறம் வெளுத்துவிடும், நிழலில் எடுங்க. கண் வடிவம், நடுவில் சாம்பல் என்றால் குலைநோய். எள் மாதிரிப் பழுப்புப் புள்ளி என்றால் செம்புள்ளி. இந்த வித்தியாசம் படத்தில் தெரியணும். முழுத் தூரின் (ஒரு குத்துப் பயிர் முழுவதும்) படமும் ஒன்று வேணும்.

பதில் (மன்னார்குடி): வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்க. 'ரெஸ்ட்ரிக்டட்' என்பதை 'எனிஒன் வித் தி லிங்க்' என்று மாற்றாவிட்டால், லிங்க் மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் திறக்காது.