டி.ஆர்.டி வேனுக்குத் தமிழ்ல என்ன பேரு? வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போகுது

சுங்கை சிப்புட்டிலிருந்து:

குழுவுல எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு சொல் வேணும். நம்ம ஊர்ல தோட்டத்துப் பக்கம் டி.ஆர்.டி வேன் விட்டுப் பார்க்கலாம்னு பேச்சு நடக்குது, கோலாலம்பூர் சிலாங்கூர்ல ஓடுதே அதே மாதிரி. தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன், இந்த வேனுக்கு நேர அட்டவணை கிடையாது. ஆப்லயோ போன்லயோ எங்கேருந்து எங்க போகணும்னு சொன்னா வரும், அதே பக்கம் போற மத்தவங்களையும் வழியில ஏத்திக்கும், எந்த வழியா சுத்திப் போறதுன்னு கம்ப்யூட்டர் அப்பப்போ முடிவு பண்ணும். ஈப்போ–கோலகங்சார் பஸ் பெரிய சடக்கோட போயிடுது, அதைப் பிடிக்க உள்ள செம்பனைத் தோட்டத்துக்குள்ள இருந்து மூணு கட்டை நாலு கட்டை (மைல்) வரணும். மோட்டார் சைக்கிள் ஓட்டுற பிள்ளை வீட்ல இருந்தா சரி, இல்லாட்டி கிளினிக் அப்பாயிண்ட்மெண்டே தவறிப் போகுது.

தமிழ் நோட்டீஸ் என் பொறுப்பு. மலாய்ல 'டிரான்சிட் ரெஸ்பான்சிஃப் பெர்மிந்தாஅன்'னு இருக்கு. நான் 'கோரிக்கைசார் போக்குவரத்து'ன்னு எழுதி எதிர்வீட்டுப் பாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். "கோரிக்கையா, அதுக்கு யாருகிட்டம்மா மனு எழுதிக் குடுக்கணும்?"னு கேட்டாங்க. இந்த வேன் ஓடப் போறதே அவங்களுக்காகத்தான், அதனால அது சரிப்படாது. நல்ல சொல் சொல்லுங்க.

கிள்ளானிலிருந்து:

அம்மா, நல்ல வேளை கேட்டீர்கள். பேருந்து, மகிழுந்து, சிற்றுந்து என்று நமக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. அதில் சேர்த்து 'அழையுந்து' என்று வையுங்கள். அழை + உந்து, நன்னூல் 162 'இஈஐ வழி யவ்வும்' என்கிறபடி ஐகாரத்துக்குப் பின் யகர உடம்படுமெய் வந்து அழகாகப் புணர்கிறது. ஒரே சொல், நான்கு அசை கூட இல்லை. முப்பது ஆண்டு வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், பிள்ளைகள் ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

பினாங்கிலிருந்து:

சார், புணர்ச்சி சரி, பொருள்தான் இடிக்குது. 'அழையுந்து' வினைத்தொகைதானே? ஊறுகாய்ல ஊறுறது காய், குடிநீர்ல குடிக்கிறது நாம. அப்போ அழையுந்துல அழைக்கிறது யாரு, உந்தா நாமளா? மீன்காரர் வேன் ஹாரன் அடிச்சு நம்மளை அழைக்குதே, அதுக்குத்தான் இந்தப் பேரு கச்சிதமா பொருந்தும்.

என் வேலை இந்தத் துறையிலேயே, அதனால இன்னொண்ணும் சொல்றேன். அழைக்கிறது புதுசு இல்லை, டாக்சியைக்கூட அழைக்கிறோம். புதுசு என்னன்னா அட்டவணையும் நிலையான பாதையும் இல்லாம அது பொதுப் போக்குவரத்தா இருக்கிறது. நம்ம அரசாங்கத் திறந்த தரவுத் தளத்துல பிரசரானா, கே.டி.எம், பாஸ்.மைன்னு பஸ், ரயில் சேவைங்களோட விவரமெல்லாம் ஜி.டி.எஃப்.எஸ்ங்கிற பொதுத் தரவு வடிவத்துல கிடைக்குது, யாரு வேணாலும் எடுத்து ஆப் செய்யலாம். ஆனா அந்த வடிவம் பொறந்ததே அட்டவணை பஸ்ஸுக்கு, இந்த நிறுத்தத்துல இத்தனை மணின்னு எழுதித்தான் ஆகணும். அட்டவணை இல்லாத வண்டியை எழுத வழி இல்லாம ரொம்ப நாள் தவிச்சு, 2024லதான் ஃபிளெக்ஸ்ங்கிற நீட்சியை முறைப்படி சேர்த்தாங்க. அதனால சொல்லுல நெகிழ்வு தெரியணும்: 'நெகிழ் வண்டி'.

தைப்பிங்கிலிருந்து:

நெகிழின்னா இப்ப எல்லாருக்கும் பிளாஸ்டிக் தம்பி. பேசாம வேன்னே வச்சிடுங்க. பஸ்ஸுன்னு சொல்லாம யாரு இங்க பேருந்துங்கிறா?

சென்னையிலிருந்து:

'விளியூர்தி' என்பதே முறை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று தனி இயலே உண்டு. அழைத்தலுக்கு இதைவிடத் தொன்மையான வேர் வேண்டுமா? ஊர்தியும் நல்ல தமிழ். வேன், பஸ் என்று இரவல் வாங்கிக்கொண்டே போனால் நாளை வினைச்சொல்லையும் இரவல் வாங்குவோம்.

கிள்ளானிலிருந்து:

விளி வேண்டாம் ஐயா! 'விளிந்தாரின் வேறல்லர்' என்று குறள் 143 தொடங்குகிறதே, அங்கே விளிந்தார் என்றால் இறந்தார். டயாலிசிஸுக்குப் போகிறவரை விளியூர்தியில் ஏறச் சொல்வதா? அந்தப் பொருள் யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், என் கை எழுத மறுக்கிறது.

தைப்பிங் அன்பருக்கும் ஒரு வார்த்தை. பஸ் என்பது முழுச்சொல்லே அல்ல. லத்தீன் 'ஆம்னிபுஸ்', பொருள் 'எல்லார்க்கும்'. ஆம்னியை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால் நான்காம் வேற்றுமை உருபின் துண்டு, நம் 'கு' போல. உலகமே ஒரு வேற்றுமை உருபில் ஏறி வேலைக்குப் போய் வருகிறது. தமிழ்நாட்டில் ஆம்னி பஸ் என்று தலையையும் வாலையும் மறுபடி ஒட்டிவிட்டார்கள், அதுவும் எல்லார்க்கும் அல்ல, காசுள்ளவர்க்கு.

பினாங்கிலிருந்து:

அப்போ 'அழைப்பு வண்டி'ன்னு வைப்போமா? ஹெல்சிங்கியில 2012லேருந்து 2015 வரைக்கும் இதே சேவையை 'குட்சுபிளஸ்'னு ஓட்டினாங்க. பின்னிஷ் மொழியில குட்சுன்னா அழைப்புதான். ஆளுங்களுக்குப் பிடிச்சுத்தான் இருந்தது, ஆனா வண்டி கொஞ்சமா இருந்தா ஒருத்தரோட இன்னொருத்தரைச் சேர்த்து ஏத்துறது கஷ்டம், செலவு ஏறிடும். நிறைய வண்டி விடப் பணம் ஒதுக்க முடியாம நிறுத்திட்டாங்க. நம்ம தோட்டங்களுக்கு இது பெரிய பாடம். வீடுங்க தள்ளித் தள்ளி இருக்கிற இடத்துல வேன் பாதி தூரம் காலியாத்தான் ஓடும், அந்தக் காசை யாராவது போட்டுத்தான் ஆகணும், சாஃப்ட்வேர் போடாது.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

தம்பி, அதைப் பாட்டிகிட்ட சொல்லிப் பார்த்துட்டேன். "அழைப்பு வண்டியா? யாரு வீட்டுக் கல்யாணம்?"னு கேட்டாங்க. மாப்பிள்ளை அழைப்பு காருன்னு நினைச்சிட்டாங்க.

கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லணும். இந்த நோட்டீஸைப் படிக்கிறவங்க ஆப் திறக்க மாட்டாங்க, பாதிப் பேருகிட்ட பட்டன் போன்தான். செம்பனைக்குள்ள பல இடத்துல லைனே கிடைக்காது, சடக்கு முனையில இருக்கிற கோயில் கிட்ட வந்தாத்தான் ஒரு கோடு ரெண்டு கோடு காட்டும். முதல் வாரம் அவங்க பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்து வேனுக்காகக் காத்திருப்பாங்க, அது வராது, ஏன்னா யாரும் கூப்பிடலை. "அதெல்லாம் சும்மா பேச்சு, வராது"ன்னு ஒரு தடவை பேரு கெட்டுப் போச்சுன்னா திரும்ப யாரும் தொட மாட்டாங்க, ஏறுறதுக்கு ஆள் இல்லைன்னு வேனையும் எடுத்துடுவாங்க. அதனால நீ முதல்ல கூப்பிடணும்கிறது பேருலயே இருக்கணும், மத்ததெல்லாம் கீழே ரெண்டு வரியில எழுதிக்கலாம். நெகிழ்வு, பாதை, கம்ப்யூட்டர் எதுவும் பேருல வேணாம்.

ஈப்போவிலிருந்து:

அக்கா, அப்ப 'கூப்பிடு வண்டி'ன்னே வச்சிடுங்களேன். கூப்பிடு தூரம்னு ஏற்கெனவே சொல்றோம், யாருக்கும் விளக்க வேணாம். அதுலயே ஏவலும் இருக்கு பாருங்க, கூப்பிடு! கூப்பிட்டாத்தான் வரும். ஜெர்மனியில நாட்டுப்புறத்துல இதைத்தான் 'ரூஃப்புஸ்'னு ஓட்டுறாங்க, ரூஃப்னா கூப்பிடறது. அங்க யாரும் பழைய இலக்கணத்தைத் தேடிப் போகலை.

சென்னையிலிருந்து:

கூப்பிடு என்பது வீட்டுப் பேச்சு. அரசு அறிவிப்பில் மரியாதைக் குறைவாக ஒலிக்கும். மேலும் வயதில் மூத்தவரைப் பார்த்து 'கூப்பிடு' என்று ஏவலாமா? நான் விளியூர்தியைத் திரும்பப் பெறவில்லை, ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பது குற்றமானால் 'கால்' என்ற சொல்லையும் விலக்க வேண்டும்.

ஈப்போவிலிருந்து:

ஏவல்னு படிச்சாலும் சரி, வினைத்தொகைன்னு படிச்சாலும் சரி ஐயா. கூப்பிட்ட வண்டி, கூப்பிடுகிற வண்டி, கூப்பிடும் வண்டி, மூணு காலமும் அடங்குது. ஆனை 'ஆதிமூலமே'ன்னு கூப்பிட்டப்பகூட மரியாதைக் குறைவுன்னு பெருமாள் வராம இருந்தாரா?

கிள்ளானிலிருந்து:

அழையுந்துதான் நின்றிருக்க வேண்டும். பினாங்குத் தம்பியின் வினைத்தொகை ஆட்சேபம் கூப்பிடு வண்டிக்கும் பொருந்துமே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை? ஆனாலும் வெள்ளிக்கிழமை நாளைக்கு. நோட்டீஸுக்கு மட்டும் என்றால் தடுக்க மாட்டேன். பாடநூலுக்கோ கலைச்சொல் தொகுப்புக்கோ இதை எடுத்துப் போனால் எழுந்து நிற்பேன்.

தைப்பிங்கிலிருந்து:

கூப்பிடு வண்டி, சரி. ஆனா படத்துக்குக் கீழே வேன்னு ஒரு தடவையாவது போடுங்க, இல்லாட்டி மாட்டு வண்டியான்னு கேப்பாங்க.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பு 'கூப்பிடு வண்டி'. அதுக்குக் கீழே பெரிய எழுத்துல 'போன் பண்ணிச் சொன்னால்தான் வேன் வரும்'னு போட்டு, நம்பருக்குப் பக்கத்துல கோயில் முனையில நின்னு பேசினா லைன் கிடைக்கும்னும் சேர்த்துட்டேன். சென்னை ஐயாவோட மறுப்பு குழுக் கோப்புல இருக்கட்டும், அழையுந்தும் பக்கத்துலயே இருக்கும்.

இன்னைக்கு ராத்திரிக்குள்ள இன்னொண்ணு வேணும். வேன் வந்து நிக்கிற இடத்துல தூணும் இருக்காது, போர்டும் இருக்காது, கம்ப்யூட்டர் வரைபடத்துல மட்டும் ஒரு புள்ளியா இருக்கும், வர்ச்சுவல் ஸ்டாப்னு சொல்றாங்க. 'மெய்நிகர் நிறுத்தம்'னு யாரும் எழுதி அனுப்பாதீங்க, அதைப் பாட்டிகிட்ட கேட்டாச்சு.

சென்னையிலிருந்து:

மெய்நிகர் என்பதில் என்ன குறை?