புத்தகத்துக்கு 45 வினாடி முன்னோட்டம்: தெரிந்தவர்கள் கைகொடுங்கள்

வணக்கம் உறவுகளே. அப்பாவின் சிறுகதைத் தொகுப்பு அடுத்த மாதம் மட்டக்களப்பில் வெளியாகிறது. எல்லாம் வாவியில் வலை வீசுகிறவர்களின் கதைகள். அழைப்பிதழை மட்டும் பகிர்ந்தால் பெரியவர்கள் வாழ்த்து அனுப்புவார்கள், இளையவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் வட்ஸ்அப்பில் போட 45 வினாடிக் காணொளி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன்.

படம்பிடிப்பில் குறையில்லை. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் கீழே, விடியும் நேரத்தில் ஒரு தோணி நுழையும் காட்சி தற்செயலாகவே கிடைத்தது.

வில்லங்கம் எழுத்தில்தான். கதைகள் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. கைப்பேசிச் செயலியில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறுகின்றன. யூனிகோடுக்கு மாற்றிக் கணினியில் போட்டாலோ, ‘தோணி’யின் கொம்பு ‘த’ எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அப்பா பார்த்துவிட்டு, “தோணி கவிழ்ந்துவிட்டது” என்றார்.

சினிமாப் பாட்டைச் சேர்த்தால் பதிப்புரிமைச் சிக்கல். ஆகவே கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரின் மத்தள அடியை அவர் சம்மதத்துடன் பதிந்தேன். அதில் மத்தளத்தைவிடக் கடற்காற்றுதான் உரக்கக் கேட்கிறது.

நகரில் காணொளி செய்துகொடுக்கும் நிலையம் ஒன்றில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் நூறு பிரதி அச்சடிக்கலாம்!

தமிழைச் சிதைக்காத இலவச மென்பொருள் எது? காற்றிரைச்சலை எப்படிக் குறைப்பது? முடிவைக் காட்டிக்கொடுக்காமல் கதையிலிருந்து எத்தனை வரி எடுக்கலாம்? ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் யாராவது இருந்தால் மடிக்கணினியோடு நானே வருகிறேன். பிளேன்டீ மட்டும் உங்கள் பொறுப்பு.